இரைச்சலை அளக்கும் கூலி

தொழிற்சாலையொன்றின் இரைச்சலை அளப்பித்து அறிக்கை பெறுவதற்கு என்ன செலவாகும் என்ற வினாவைத் தமிழிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுப்புவது வாசகர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இது பொறியியலாளரும் கணக்காளரும் பேச வேண்டிய விடயமன்றோ என அவர்கள் கேட்கவுங்கூடும். வன்னியில் நாம் படிப்பிக்கும் ஊரிலே கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான அரிசி ஆலை ஒன்று உண்டு. சங்கத்தின் நிர்வாக சபையிலே ஆசிரியர் ஒருவரும் இருத்தல் வேண்டுமென ஊரார் விரும்பியமையால் அந்த இடம் நமக்கு வாய்த்தது. எனினும் இவ்வினா சபையிலிருந்து நம்மிடம் வரவில்லை, வகுப்பறையிலிருந்தே வந்தது.

பத்தாந் தரத்தில் எழுத்துகளின் பாகுபாட்டைக் கற்பித்துக் கொண்டிருந்தோம். மெய்யெழுத்து மாறினால் பொருள் எவ்வாறு மாறும் என்பதைக் காட்டுவதற்காகக் கடை, சடை, தடை, படை என நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். முன்வரிசை மாணவி ஒருத்தி, "எங்கட அப்பாவுக்கு இது நாலும் ஒரே சொல்லுத்தான், சேர்" என்றாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய தந்தையை நாம் அறிவோம். மீள்குடியேற்றத்தின் பின்னர், 2011இல் ஆலை மறுபடி இயங்கத் தொடங்கிய நாள்முதல் உமி நீக்கும் யந்திரத்துக்கு நெல் ஊட்டி வருபவர் அவர். பெற்றோர் கூட்டங்களுக்கு வந்தால் நம் வாயையே கூர்ந்து நோக்கிக்கொண்டிருப்பார். கேட்டதற்கு ஒன்று, சொல்வது வேறொன்று. ஊரிலே சிலர் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றும், வேண்டுமென்றே கேளாதவர்போல் நடிப்பவர் என்றும் பேசிக்கொள்வர். கூப்பிட்டால் திரும்புகிறாரே, சத்தம் கேட்கிறதே, பிறகென்ன செவிடு என்பது அவர்களுடைய நியாயம்.

அந்த நியாயத்தில்தான் பிழை இருக்கிறது. நெடுங்காலம் பேரிரைச்சலில் நிற்பவரின் செவி எல்லா ஒலிகளுக்கும் ஒருங்கே அடைத்துப்போவதில்லை. நொடிக்கு 4,000 அதிர்வுகளை அண்டிய உயர்ந்த ஒலிகளே பெரும்பாலும் முதலில் மறைகின்றன. பேச்சிலே உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வும் மிகுந்த வலுவும் உடையவை; க, ச, த, ப என்பவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய வெடிப்பும் உரசலும் உயர்ந்த அதிர்வில் உள்ளவை. ஆகவே அம்மனிதருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. நம் இலக்கணகாரர் வல்லினம் எனப் பெயரிட்டவையே இரைச்சலின் முன் முதலில் தோற்றுப்போகின்றன என்பது இலக்கணம் படித்த நமக்குக் கசப்பான பாடம். காதின் உள்ளே ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

இது புதிய கண்டுபிடிப்புமன்று. கிளாஸ்கோ நகரின் காது வைத்தியர் தோமஸ் பார் என்பார் 1886இலேயே கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரின் செவிப்புலனைச் சோதித்து, தபாற்காரருடையதோடு ஒப்பிட்டுக் காட்டினார். பொதுக்கூட்டத்துப் பேச்சைச் செம்மையாகக் கேட்கமாட்டாதவராய் அத்தொழிலாளருட் பெரும்பாலோர் இருந்தனர். அவர் கையாண்ட கருவி அவருடைய சட்டைப்பைக் கடிகாரமே.

நம் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரோடு ஒருநாள் ஆலைக்குச் சென்றோம். அவருடைய கைத்தொலைபேசியில் ஒலியை அளக்கும் செயலி ஒன்று இருந்தது. அரை மணி நேரம் யந்திரத்தருகில் நின்றபோது அது 94 டெசிபெல்லைச் சுற்றியே காட்டிற்று. கைத்தொலைபேசி செம்மையான அளவுகருவி ஆகாது என்று அவரே எச்சரித்தார். ஆயினும் அந்த எண்ணின் பொருளை வாசகர் அறிதல் நன்று. நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பதே பல நாடுகளிலும் நிபுணர் கொள்ளும் எல்லை. டெசிபெல் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். நிற்கக்கூடிய நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 94க்கு ஒரே மணி நேரம். அம்மனிதர் அங்கே நிற்பது 8 மணி நேரம். அதாவது, செவி எட்டு நாளிற் தாங்கத்தக்க ஒலியை அவர் ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறார். கூலியோ ஒரு நாளுக்குரியது.

சபையிலே விடயத்தை முன்வைத்தோம். விலைமனுக்கள் கோருவதெனத் தீர்மானமாயிற்று, இரண்டு வந்தன. முதலாவது மலிவு. ஒருவர் வருவார், கையில் கருவியைப் பிடித்தபடி ஒருமணி நேரம் ஆலையைச் சுற்றுவார், ஓர் எண்ணை எழுதித் தருவார். இரண்டாவது, ஆசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிற்று. அதன் விபரங்களை நாம் ஒவ்வொன்றாகப் படித்தோம். தொழிலாளர் ஒவ்வொருவரின் தோளிலும், காதுக்கு அருகே, சிறு அளவி ஒன்று வேலைநேரம் முழுவதும் பொருத்தப்படும். அளப்பதற்கு முன்னும் பின்னும் தெரிந்த அளவுடைய ஒலியால் கருவிகள் சரிபார்க்கப்படும். எந்த யந்திரம் எவ்வகை அதிர்வில் இரைகிறது எனப் பகுத்து, குறைக்கும் வழிகளும் எழுதப்படும். இவற்றுக்கெல்லாம் கேட்ட தொகை நியாயமாகவே பட்டது. தொகையை ஏற்றியவை பிரயாணச் செலவும் தங்குமிடச் செலவுமே. கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் கொழும்பிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டியிருக்கிறது. தொழிற்பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நிறுவகமொன்று அமைக்கப்பட்ட நாடு இது. ஆனாலும் வன்னித் தொழிலாளியின் காதுக்கும் தலைநகருக்கும் உள்ள தூரத்தை அந்தத் தொழிலாளியின் சங்கமே கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆலையின் இரைச்சல் ஏற்கெனவே ஒருமுறை அளக்கப்பட்டது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறும்பொருட்டு, 1996ஆம் ஆண்டின் இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, வேலியோரத்தில் நின்று அளந்தார்கள். அச்செலவைச் சபை மறுபேச்சின்றிக் கொடுத்தது. கொடாவிட்டால் ஆலை ஓடாது. அயலவரின் உறக்கத்தைக் காக்கும் அவ்விதிகளை நாம் குறைகூறவில்லை. ஆயினும் வேலிக்கு வெளியே இருப்பவரின் செவிக்கு அறிக்கை உண்டு, உள்ளே நிற்பவரின் செவிக்கு இல்லை என்ற நிலையை என்னென்பது?

சபையில் எழுந்த எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் டீசலின்றி ஆலை நின்றது. அந்தக் கடனிலிருந்து சங்கம் இன்னும் மீளவில்லை. "உந்தக் காசுக்குப் பஞ்சு வாங்கினால் ஊருக்கே காதடைக்கலாம், மாஸ்டர்" என்றார் முதிய விவசாயி ஒருவர். வெறும் பஞ்சு இரைச்சலை மறிப்பது மிகச் சொற்பமே என்றோம். காதடைப்பான்களை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாதிருக்கலாமே என்றார் மற்றொருவர். அதில் ஓரளவு நியாயமுண்டு. அளந்து முடியும்வரை அடைப்பான்களைக் கொடாதிருப்பது அறிவீனம். அவை அடுத்த கிழமையே வாங்கப்பட்டன. ஆனால் தவிட்டுத் தூசியிலும் வன்னி வெயிலிலும் எட்டு மணி நேரம் காதை அடைத்துக்கொண்டு நிற்பது எத்தகையது என்பதை நாற்காலியில் இருந்து பேசுவோர் அறியார். நெல் மோதி இரைகின்ற தகரத் தாரைக்கு உட்புறம் இறப்பர் ஒட்டலாம். விசிறியைச் சுவருக்கு வெளியே கொண்டுபோகலாம். தேய்ந்த உருளைத் தாங்கிகளை மாற்றலாம். இவற்றுள் எது மிகுதியாக இரைகிறது என அறியாமற் பணத்தைக் கொட்டுவது எவ்வாறு? நல்ல அறிக்கைக்கான கூலி பின்னர் வரும் வீண்செலவை மிச்சப்படுத்தும் என்று வாதாடினோம்.

சபையை விடக் கடுமையாக எதிர்த்தவர் வேறொருவர். மாணவியின் தந்தை ஒரு மாலை நம் வீட்டுப் படலையடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. "சேர், அளந்துபோட்டு என்னை நிப்பாட்டிப் போடுவினம். காது போனது போகட்டும், வேலையும் போனால் என்ன செய்யிறது?" என்றார். அவர் மெல்லப் பேசுவதாக எண்ணிக்கொண்டு உரக்கவே பேசினார். அடுத்த வளவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விலைமனு இரண்டிலும் இல்லாத செலவு இதுவே. இரைச்சலுக்கான விலையைக் கடந்த பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளாக அவர் வீடு செலுத்தி வருகிறது: திருமண வீடுகளுக்குப் போகாதிருத்தல், சந்தையில் ஏமாறுதல், மகள் சொன்னதை மும்முறை சொல்ல வைத்தல். அதற்குப் பற்றுச்சீட்டு இல்லாமையால் ஐந்தொகையில் அது ஏறுவதில்லை. அறிக்கை வந்தபின், ஊனமுற்றவர் என்ற பெயரில் அவரை விலக்கினால் அளவையின் முழுச் செலவும் அவர் தலையிலேயே இறங்கும். அவர் அஞ்சியது அறியாமையால் அன்று. தொழிலாளர் உலகம் அவருக்குக் கற்பித்த பாடம் அது.

அடுத்த கூட்டத்துக்கு நாம் மூன்று வாசகங்களை எழுதிக்கொண்டு போனோம். இரண்டாவது விலைமனுவை ஏற்பது. காலபோக அறுவடையின் பின், எல்லா யந்திரங்களும் ஓடும் நாளில் அளப்பது. அறிக்கையையோ செவிச் சோதனையையோ காரணமாகக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நீக்குவதோ சம்பளத்தைக் குறைப்பதோ ஆகாது. முதலிரண்டும் அரை மணி நேரத்தில் நிறைவேறின. மூன்றாவதற்கு இரண்டு மணி நேரம் சென்றது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் அதுவும் நிறைவேறியது. ஆலைக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க ஒதுக்கிய பணத்திலிருந்து செலவைக் கொடுப்பதென முடிவாயிற்று.

தீர்மானத்தின் பிரதியொன்றைச் சங்கத்தின் முத்திரையோடு எழுதுவித்து அவரிடம் கொடுத்தோம். மகள் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினாள். மூன்றாவது வாசகத்தை இன்னொருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அளவியைத் தோளில் அணியச் சம்மதிப்போரின் பெயர்ப்பட்டியலைக் கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆலையில் வேலை செய்வோர் பதினொருவர். இதுவரை ஒப்பமிட்டவர் எழுவர். அவர்களுள் அவரும் ஒருவர்.