நாகப்பட்டினம்: கரையேறியவர்கள் கட்டிய ஆலயங்கள்

1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்த டச்சுக்காரர்கள், 1690-இல் பழவேற்காட்டில் இருந்த தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தையும் இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இது டச்சு நகரம். அவர்கள் 1774-இல் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம் இன்றும் இருக்கிறது.

அவர்கள் வந்தபோதே பல சமயத்தாருக்கு இடம்கொடுத்துப் பழகிய ஊர் இது. காயாரோகணேசுவரர் தேவாரம் பெற்றவர். சௌந்தரராஜப் பெருமாள் திருமங்கையாழ்வார் பாடியவர். இவர்களுக்கு அருகே, கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் சூடாமணி விகாரம் எழுப்பினார். சைவனான முதலாம் ராஜராஜ சோழன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைத் தானமாகக் கொடுத்தான். பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, சுற்றுவட்டார ஊரார் முன்னிலையில் அளந்து கொடுத்த விவரம் முழுவதும் 21 செப்பேடுகளில் இருக்கிறது.

ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். அவன் மெய்க்கீர்த்தி சொல்லும் மாநக்கவாரம்தான் இன்றைய நிக்கோபார். போர் நடந்தும் விகாரம் அழியவில்லை. 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கனும் அதன் உரிமைகளை உறுதிசெய்தான். டச்சுக் காலத்தில் இந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய், 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன.

பக்கத்து நாகூரில் இருப்பது ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்கா. அதன் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவின் கந்தூரி விழாக் கொடி இன்றும் நாகையிலிருந்துதான் ஊர்வலமாகப் புறப்படுகிறது. நேர்ந்துகொண்டு வருபவர்களில் இந்துக்களும் ஏராளம்.

விகாரம் மட்டும் நிலைக்கவில்லை. மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். மாலுமிகளுக்கு அது கரையடையாளம். 1856-இல் அதன் பக்கத்தில் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் சிலைகள் கிடைத்தன. அதன்பின் கிடைத்தவற்றையும் சேர்த்தால் நாகைப் படிமங்கள் 300-க்கு மேல். பல இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கோபுரத்தையோ 1867-இல் இயேசு சபையார் அரசு அனுமதியோடு இடித்துவிட்டார்கள். போரில் தப்பியது, கும்பிட ஆளில்லாத காலத்தில் போனது.

ஒரு சமயத்தார் கட்டியதை இன்னொரு சமயத்தார் தாங்கியதுதான் நாகையின் பெருமை. கும்பிட வருவோர் குறைந்துபோன வழிபாட்டிடம் எந்தச் சமயத்துடையதாக இருந்தாலும், அதைக் காப்பது ஊர் முழுவதற்கும் பொறுப்பு. பிள்ளைகளுக்குத் தேவாலயத்தையும் தர்காவையும் கோயில்களையும் காட்டும்போது, விகாரம் இருந்த இடத்தையும் காட்டிச் சொல்ல வேண்டும்.