கியர்பாக்ஸும் ஒரு நோட்டுப் புத்தகமும்

ஆட்டோமேடிக் கியர்பாக்ஸை வீட்டிலேயே பிரித்துப் பூட்ட முடியுமா? முடியும். ஆனால் அதற்குத் தைரியத்தைவிட ஒரு நோட்டுப் புத்தகம்தான் முக்கியம்!

திருவள்ளூர் மாவட்டத்துக்கு வண்டி வேலை புதிதல்ல. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது திருவள்ளூரில்தான். சுரங்கங்களில் ஓடும் ராட்சத டம்பர்களைக் கேட்டர்பில்லர் செய்வதும் அங்கேதான். ஆனாலும் ஒரு பழைய ஆட்டோமேடிக் காரின் கியர்பாக்ஸ் கெட்டால், பிரிக்கச் சாதாரண மெக்கானிக் தயங்குவார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிட்டராக வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த நிலைமை வந்தது. கியர் போட்டால் இஞ்சின் இரையும், வண்டி நகராது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. வாடகைக்கு ஒரு செயின் பிளாக் எடுத்து, வீட்டு முற்றத்திலேயே இறக்கிவிட்டார். துணைக்கு காமர்ஸ் படிக்கும் அக்கா மகன்.

உள்ளே உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஆயில் அழுத்தம் வந்தால் அவை நெருங்கிப் பிடிக்கும். ரப்பர் சீல் காய்ந்து அழுத்தம் கசிந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் கருகும். சீலை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் கருகும். புதுத் தட்டுகளையும் பூட்டுவதற்கு முன் ஆயிலில் ஊறவைக்க வேண்டும்.

வால்வு பாடியின் வாய்க்கால்களில் மிளகைவிடச் சற்றுப் பெரிய எஃகுக் குண்டுகள் இருந்தன. பையன் எண்ணி எழுதினான். "எத்தனைன்னு எழுதினா போதாதுடா, எது எங்க இருந்துச்சுன்னு படம் போடு" என்றார் மாமா. அவனுக்குச் சட்டென்று புரிந்தது. இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக வந்துவிடும், ஆனால் தொகையைத் தவறான கணக்கில் எழுதியிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. குண்டுகளும் அப்படித்தான். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒன்று இடம் மாறினால் கியர் சரியாக விழாது.

கடைசியில் டார்க் கன்வெர்ட்டர். முழுதாக உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நின்றது.

"மாமா, போல்ட் போட்டு முறுக்கினா தானா போயிடும்."

"போகாது. ஆயில் பம்ப் உடையும். இத்தனை நாள் வேலையும் ஒரு நிமிஷத்துல போயிடும்."

மெல்லத் திருப்பித் திருப்பி அழுத்தினார். ஒருமுறை 'டக்', இன்னொருமுறை 'டக்'. உள்ளே இறங்கி உட்கார்ந்தது. பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தார்கள். கியர்கள் ஒழுங்காக மாறின.

பிரிப்பது யாராலும் முடியும். எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தவனால்தான் திரும்பச் சேர்க்க முடியும். ஆயில் கறை படிந்த அந்த நோட்டு இன்னமும் காரின் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.