முன்கள வீரரை விற்கலாமா?

2019ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. இராயபுரத்தில் சிலுவைப்பாதை முடிந்து ஆலயத்தைவிட்டு வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் பங்கின் இளைஞர் ஏழெட்டுப் பேர் உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருக்கக் கண்டோம். பாஸ்கா நாடகத்தில் யாருக்கு எந்த வேடம் என்று ஆண்டுதோறும் எழும் பூசல்தான் என எண்ணி நெருங்கினோம். அதுவன்று. "ஜெஜேயை வித்துடணுமா, வச்சுக்கணுமா, நீங்களே சொல்லுங்க ஃபாதர்" என்று நம்மையே நடுவராக்கினார்கள்.

கால்பந்தில் நாட்டமில்லாத வாசகருக்குச் சிறு விளக்கம் தேவை. 2014இல் தோன்றிய சென்னையின் எஃப்.சி. அணி, 2015இலும் 2017–18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. இரு வெற்றிகளிலும் பங்கு கொண்டவர் மிசோரம் மாநிலத்து முன்கள வீரர் ஜெஜே லால்பெக்லுவா. 2017இல் வீரர்களை அணிகள் புதிதாகத் தெரிவு செய்துகொண்டபோது, மூத்த வீரர்களில் இவரையும் கோல்காவலர் கரண்ஜித் சிங்கையும் மட்டுமே கைவிடாமல் வைத்துக்கொண்டது கிளப். அந்தப் பருவத்தில் அவர் 9 கோல்கள் அடித்தார். 2018 மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவா அணியை 3–0 என வீழ்த்திய அரையிறுதியில் இரண்டு கோல்கள் அவருடையவை. மற்றொன்று நம் வியாசர்பாடியின் தனபால் கணேஷுடையது. அன்றிரவு அரங்கிலிருந்து திரும்பிய நம் பிள்ளைகளுக்கு மறுநாள் பாடற்குழுவில் குரலே எழவில்லை.

அடுத்த பருவத்தில் எல்லாம் தலைகீழாயிற்று. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளிகள். பத்து அணிகளுள் கடைசி இடம். ஜெஜேயின் கணக்கில் அந்த லீக்கில் ஒரே ஒரு கோல்.

வணிகவியல் பயிலும் இளைஞன் ஒருவன் விற்றே ஆகவேண்டும் என்றான். இவ்விளையாட்டில் 'விற்பது' என்றால் ஆளை விற்பதன்று. ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள காலத்திற்கு வேறொரு கிளப் தரும் விலை அது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் வீரர் தம் விருப்பம்போல் போகலாம், பழைய கிளப்புக்குக் காலணாவும் கிடையாது. பெல்ஜியம் நாட்டு வீரர் பாஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து ஐரோப்பாவில் நிலைபெற்ற முறை இது. "அதனால வெலை இருக்கும்போதே கைமாத்திடணும் ஃபாதர். அந்தக் காசுல நம்ம ஏரியாப் பசங்க நாலு பேருக்குச் சம்பளம் தரலாம்." இந்தக் கடைசி வாக்கியத்தை நம்மால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

செல்சீ அணியின் நீலச் சட்டை அணிந்திருந்த மற்றொருவன் மறுத்தான். 2011 ஜனவரியில் செல்சீ 5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஃபெர்னாண்டோ டோரஸ், முதல் கோல் அடிக்க ஏப்ரல் மாதம் வரை ஆயிற்று. உலகமே நகைத்தது. ஆயினும் 2012இல் பார்சிலோனாவின் மண்ணில் அரையிறுதியை முடித்துவைத்த கோல் அவருடையது. மியூனிக் இறுதியாட்டத்தில் ட்ரோக்பா சமன் செய்த கோலுக்கு வழிவகுத்த கார்னரைப் பெற்றுத் தந்தவரும் அவரே. செல்சீயில் 172 ஆட்டங்களில் 45 கோல்கள். கொடுத்த விலைக்கு அது ஈடாகாதுதான். ஆனால் அந்த விலையைக் கூவியவர் டோரஸ் அல்லவே! ஒரு மனிதனுக்கு நாமே பெரும் விலை வைத்துவிட்டு, பிறகு அவன் அத்தொகைக்குக் கடன்பட்டவன்போல் அவனைப் பார்ப்பது நம்மிடையே உள்ள வழக்கந்தான்.

ஜெஜே முடிந்துபோனவர் என்பதற்கும் சான்று போதவில்லை. 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, தாய்லாந்துக்கு எதிரான நான்காவது கோலை அடித்தவர் அவர்தான். நாட்டுக்காக அடித்த கால் கிளப்புக்காக ஏன் அடிக்கவில்லை? பந்து அவரிடம் வந்ததா என்று முதலில் கேட்கவேண்டும். பதின்மூன்று முறை தோற்ற ஓர் அணியின் பாரத்தை ஒரே முதுகில் ஏற்றி அனுப்பிவிட்டால் எஞ்சியவர்கள் இலேசாகிவிடுவார்கள், அணி திருந்தாது.

இவ்வளவையும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். இளமையில் அலுவலக அணியில் முன்கள வீரராக ஆடியவர். "எனக்கும் ஒரு வருசம் கோலே வரல சாமி. டீம்லேருந்து எடுத்தாங்க, வேலையிலேருந்து எடுக்கல" என்றார். இளைஞர்கள் அமைதியானார்கள்.

சென்னைக் கால்பந்து நெடுங்காலம் அவ்வாறுதான் வாழ்ந்தது. துறைமுகம், பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள் எனப் பல நிறுவனங்கள் ஆட்டக்காரரை ஊழியராகச் சேர்த்தன. 1996இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கில் ஆடிய இந்தியன் வங்கி அணியும் இவ்வகையினதே. கால் தளர்ந்தவனுக்கு மேசையும் கோப்பும் காத்திருந்தன. அம்முறையிலும் குறை உண்டு: அணியில் வயதேறிக்கொண்டே போகும், வாசலில் பதினெட்டு வயதுப் பையன் நின்றுகொண்டே இருப்பான். எனினும் ஆட்டம் வேறு, ஆள் வேறு என்ற பிரிவை அது காத்தது. இன்று கிளப் வீரனுக்கு இரண்டும் ஒரே தாளில் கையெழுத்தாகின்றன.

தீர்ப்புச் சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம் எண்ணூர்ப் பகுதிப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி. திருவிழாவை ஒட்டி எழுவர் கால்பந்துப் போட்டி. இளைஞர்கள் வீடுவீடாகத் திரட்டிய பணத்தில் மூவாயிரம் ரூபாய் பேசி, வெளியூர் முன்கள வீரர் ஒருவரை அழைத்து வந்தனர். முதல் இரு ஆட்டங்களிலும் அவர் பந்தின் பின்னே நடந்தார் என்றே சொல்லவேண்டும். முணுமுணுப்பு எழுந்தது. குழுத்தலைவர் என்ற முறையில் நாமே அவரை அழைத்து, பாதித் தொகையைக் கையில் கொடுத்து, "தம்பி, நாளைக்கு வரவேண்டாம்" என்றோம். "சரிங்க ஃபாதர்" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவ்விரு நாட்களும் கன்டெய்னர் யார்டில் இரவு வேலை முடித்துக் கண்ணயராமலே ஆட வந்திருந்தார் என்பதை உபதேசியார் பிறகு சொன்னார். கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். நாம் கேட்கவில்லை.

அவருக்குப் பதிலாக இறங்கிய நம் பங்குச் சிறுவன் அரையிறுதியில் கோல் அடித்தான், கோப்பையும் வந்தது. ஆட்டக் கணக்கில் நாம் செய்தது சரி. அந்தச் சரிதான் இன்றுவரை நமக்கு இடறலாயிருக்கிறது.

ஆகவே வேப்பமரத்தடியில் நாம் சொன்னது இவ்வளவே: வேறோர் அணி விரும்பி, அவரும் இசைந்து, இங்கே ஓர் இளைஞனுக்கு இடம் பிறக்குமானால் விற்பதில் பாவமில்லை, தோற்ற ஆண்டின் கோபத்திற்குப் பலியாக விற்பது தகாது, உடல் நலிந்திருந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. வழவழா மறையுரை என்று வணிகவியல் மாணவன் முகத்தைச் சுளித்தான்.

கிளப் அவரை விற்கவில்லை. முழங்கால் காயமும் அறுவை சிகிச்சையுமாக அடுத்த பருவம் முழுவதும் ஜெஜே களமிறங்கவே இல்லை. புதிதாக வந்த லித்துவேனியர் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்தார். கடைசியிலிருந்த அணி இறுதியாட்டம் வரை ஏறி, 2020 மார்ச் 14 அன்று ஆளற்ற கோவா அரங்கில் ஏ.டி.கே. அணியிடம் 3–1 எனத் தோற்றது. அவ்வாண்டே ஜெஜே ஈஸ்ட் பெங்கால் அணிக்குச் சென்றார். வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். வைத்துக்கொண்டதால் கிளப்புக்கு ஒரு கோலும் கிடைக்கவில்லை. ஆனால் காயமுற்றவரை வைத்திருந்ததால் அது கெட்டுப்போகவும் இல்லை. 2023இல் ஓய்வை அறிவித்த ஜெஜே, அவ்வாண்டே மிசோரம் சட்டப்பேரவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அண்மையில் எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கமான கன்டெய்னர் லாரி வரிசை. நம் இருசக்கர வண்டி அதன் நடுவே சிக்கிக்கொண்டது. மேலேயிருந்து "ஃபாதர்!" என்று ஒரு குரல். டிரெய்லரின் ஓட்டுநர் இருக்கையில் அந்த முன்கள வீரர். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நலம் விசாரித்தோம். அன்று கேட்காததை இப்போது கேட்கலாமா என நாம் தயங்கிக்கொண்டிருக்கையில் அவரே கேட்டார்: "அந்தப் பையன் இன்னும் ஆடுறானா ஃபாதர்?"

ஓமானுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றோம்.

"நல்ல எடது காலு அவனுக்கு. செமி ஃபைனல்ல ரெண்டு பேரை வெட்டிட்டு அடிச்சான் பாருங்க..."

அந்த அரையிறுதியை அவர் பார்க்க வந்திருந்தார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்பதற்குள் முன்னாலிருந்த லாரி நகர்ந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கையசைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.