எது எதோடு சேரும்?

குழந்தைகளுக்கான எழுத்துப் புத்தகங்களில் 'வௌ' வரும் இடத்தில் வௌவாலின் படம் இருக்கும். தலைகீழாகத் தொங்கும் அந்தப் பிராணியைவிட அதன் பெயரின் முதல் எழுத்துதான் எனக்கு விந்தையாகப் படுகிறது. முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் வ, பின்னால் ள-வைப் போலவே ஒரு குறி. மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து, ஒரே ஒலி. அந்தக் கடைசிக் குறி சற்றுச் சிறிதாக, வ-வை ஒட்டிக்கொண்டு நின்றால் வௌவால். கொஞ்சம் பெரிதாகி, ஒரு மயிரிழை விலகி நின்றாலும் அது 'வெ', 'ள', 'வால்' என்று உடைந்துபோகும். சொல் தெரிந்த நாம் எப்படி அச்சிட்டிருந்தாலும் சரியாகவே வாசித்துவிடுவோம். முதன்முதலாக எழுத்துக் கூட்டும் குழந்தைக்கு அந்தத் துணை இல்லை. கௌதாரி, பௌர்ணமி, சௌக்கியம் எல்லாவற்றிலும் இதே இக்கட்டு. எது எதோடு சேரும் என்று தீர்மானிக்க அதன் கண்ணுக்கு இருப்பவை இரண்டே: இடைவெளி, அளவு.

இந்த இரண்டையும் மனம் எப்படிக் கையாள்கிறது என்று உட்கார்ந்து யோசித்தவர் மாக்ஸ் வெர்தைமர். பிராகில் பிறந்து, ஜெர்மனியில் ஆய்வு செய்தவர். அவர் 1923-இல் எழுதிய ஆய்வுரைக்கு உளவியல்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'புள்ளிக் கட்டுரை'. படங்களாக அதில் வருபவை பெரும்பாலும் புள்ளிகளும் கோடுகளுமே. ஒரு வரிசை இப்படி இருக்கும்:

●●   ●●   ●●   ●●

எட்டுப் புள்ளிகள் என்று யாருக்கும் தோன்றாது. நான்கு ஜோடிகள் என்றே தோன்றும். முதல் புள்ளியை ஒதுக்கிவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு ஜோடியாகப் பார்க்க முயன்று பாருங்கள். ஒரு ஜோடியை அப்படிப் பிடித்துவிடலாம். வரிசை முழுவதையும் அப்படியே பிடித்து வைத்திருக்க முடியாது. கண் நழுவிப் பழைய ஜோடிகளுக்கே போய்விடும். கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை ஒரே வீட்டார் என்று எடுத்துக்கொள்வது போல, அருகில் இருப்பவற்றை உறவு என்று கண் எடுத்துக்கொள்கிறது. இடைவெளியைச் சமமாக்கிவிட்டு நிறத்தை மாற்றினால், அப்போதும் அது சும்மா இருப்பதில்லை:

●●○○●●○○

இப்போது ஒத்தவை ஒன்று சேர்கின்றன. அண்மை, ஒப்புமை, தொடர்ச்சி, நிறைவு என்று பி.எட். படித்தவர்கள் இவற்றை ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். எனக்கு இதில் வியப்பூட்டுவது விதிகளின் பட்டியல் அல்ல, அவற்றின் வேகம். நாம் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே கண் தன் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது. ஒரு பாடப்பக்கத்தைத் திறக்கும் மாணவி முதல் வரியை வாசிக்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுகிறாள். எது தலைப்பு, எது படம், எந்த வரி எந்தப் படத்துக்கு உரியது என்ற முடிவுகள் அந்த முதல் பார்வையிலேயே விழுந்துவிடுகின்றன. பிறகு வருகிற வாசிப்பு அந்த முடிவுகளின் மேல்தான் நடக்கிறது.

நம் முன்னோர் இந்த உதவி ஏதும் இல்லாமல் படித்தவர்கள் என்பது நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் அரிது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. ர-வும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். வௌவாலில் இன்று ஒரு குழந்தை படுகிற பாட்டைச் சுவடி படித்தவர்கள் எழுத்துக்கு எழுத்து பட்டார்கள். பிரிக்க வேண்டிய இடத்தைச் சொன்னது ஓலை அல்ல, ஆசிரியரின் குரல். அவர் நிறுத்திய இடமே இடைவெளி. யாப்பும் எதுகை மோனையும் அதற்குத் துணை நின்றன. அந்தக் குரல் அறுந்துபோன நூல்கள் உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களின் கைக்கு வந்தபோது, எங்கே ஒரு சொல் முடிகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும் புலமைப் பணியாக இருந்தது. நமக்கு அச்சு கொடுத்த கொடைகளில் பெரியது வெற்றிடம் என்று நான் நம்புகிறேன். பாலபாடங்களை எழுதி அச்சேற்றிய ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடையில் நிறுத்தக்குறிகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். ஒரு காற்புள்ளிக்குப் பின் கண் அரைக்கணம் இளைப்பாறுகிறதே, அந்த இடத்தில் முன்பு ஓர் ஆசிரியர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணின் இந்த இயல்பைப் பாடம் சொல்வதற்கு என்றே முழுமனதோடு பயன்படுத்திய ஒரு புத்தகம் வெர்தைமர் பிறப்பதற்கு முன்பே லண்டனில் வெளிவந்தது. 1847-இல் வில்லியம் பிக்கரிங் வெளியிட்ட, ஆலிவர் பைர்ன் ஆக்கிய யூக்ளிட் வடிவியல். பைர்ன் அயர்லாந்துக்காரர். கணித ஆசிரியர், நில அளவை தெரிந்தவர். வடிவியல் பாடங்களில் நாமெல்லாம் பட்ட தொல்லை ஒன்றை அவர் நேராகப் பிடித்தார். 'ஏபி-யும் ஏசி-யும் சமம் எனில், ஏபிசி கோணமும் ஏசிபி கோணமும் சமம்' என்று ஒரு வரி இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கண் படத்துக்குப் போய் ஏ-யைத் தேடி, பி-யைத் தேடி, அவற்றுக்கு நடுவே உள்ள கோட்டை மனத்தில் பிடித்துக்கொண்டு வரிக்குத் திரும்ப வேண்டும். அடுத்த கோட்டுக்கு மறுபடியும் ஒரு பயணம். கோணத்துக்கு வரும்போது முதல் கோடு மறந்துபோயிருக்கும்.

பைர்ன் அந்த எழுத்துகளை எடுத்துவிட்டார். படத்தில் ஒரு கோடு சிவப்பு என்றால், வாக்கியத்தின் நடுவிலும் ஒரு சின்னச் சிவப்புக் கோட்டையே அச்சிட்டார். கோணம் மஞ்சள் என்றால், வாக்கியத்திலும் ஒரு மஞ்சள் கோணம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மையும் மரக்கட்டை அச்சில் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். அந்தக் காலத்தில் அது எளிய காரியமே அல்ல. இந்த முறையில் படித்தால் வழக்கமாகச் செலவாகும் காலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்றும், படித்தது நெடுநாள் மனத்தில் நிற்கும் என்றும் அவர் முன்னுரையில் உறுதி கூறினார். பித்தாகரஸ் தேற்றம் வரும் பக்கத்தைப் பார்த்தால் ஒரு நவீன ஓவியம் என்றே தோன்றும். நிறம் என்பது அலங்காரம் என்று நினைக்கிற உலகத்தில், நிறம் ஒரு சுட்டுப்பெயராக வேலை செய்யலாம் என்று காட்டியவர் அவர். 'அது', 'இது' என்று விரல் நீட்டும் வேலையை அந்தச் சிவப்பு செய்கிறது.

ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பிய பக்கத்தின் கதி நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் தெரியும். வண்ணத்தில் அச்சான ஒரு வரைபடம், பிரதி எடுத்த நகலில் சாம்பல் திட்டுகளாகிவிடுகிறது. 'பச்சை நிறத்தில் உள்ள மாவட்டங்கள்' என்ற குறிப்பு அநாதையாகிவிடுகிறது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்ணோடு ஒரு பையன் அந்த வகுப்பில் இருந்தால், அசல் புத்தகமே அவனுக்கு நகல்தான். அண்மைக்கு அந்த ஆபத்து இல்லை. படத்தின் இதய அறைக்குள்ளேயே 'வலது ஏட்ரியம்' என்று எழுதிவிட்டால், எத்தனை தடவை நகலெடுத்தாலும் அந்தச் சொல் அந்த அறையைவிட்டு நகராது.

இது வெறும் என் ஆசை இல்லை. ரோஹானி தார்மிசியும் ஜான் ஸ்வெல்லரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு வடிவியல் கணக்குகளைப் பற்றியது. தீர்வை வரிவரியாகச் செய்து காட்டிய மாதிரிக் கணக்குகள் மாணவர்களுக்கு நன்றாக உதவும் என்பது எதிர்பார்ப்பு. படம் ஓரிடம், விளக்கம் வேறிடம் என்று இருந்தபோது அந்த உதவி கிடைக்கவில்லை. விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே உரிய இடங்களில் பதித்தபோது கிடைத்தது. பாடம் அதே பாடம், மாணவர்களின் அறிவும் அதே அறிவு. மாறியது சொற்களின் இருப்பிடம் மட்டும். பிரிந்து கிடப்பதைச் சேர்ப்பதற்கே மனத்தின் பலம் செலவாகிவிட்டால், புரிந்துகொள்ள மிச்சம் இருப்பது குறைவு. படத்தில் 1, 2, 3 என்று எண் போட்டு, விடையைப் பக்கத்தின் அடியில் அடுக்கும் வழக்கத்தை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்? படத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டு 'படத்தைக் காண்க' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், பக்கத்தைப் புரட்டும் வேலையை ஒரு குழந்தையின் நினைவாற்றல் மேல் ஏற்றுகிறோம்.

பெட்டி போடுவதும் அப்படித்தான். உளவியலாளர் ஸ்டீபன் பால்மர் 1992-இல் ஒன்றைக் காட்டினார்: சிலவற்றைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட்டுவிட்டால், அருகில் இருக்கிற வெளியாட்களைவிடத் தள்ளி இருக்கிற உள்ளாட்களையே கண் உறவாக்கிக்கொள்கிறது. எல்லை அண்மையை வென்றுவிடுகிறது. 'உங்களுக்குத் தெரியுமா?' என்று கட்டம் கட்டி ஒரு செய்தியைப் போட்டால் அது ஒரு தீவாகிவிடும். சுவையான துணுக்கு என்றால் தீவாக இருக்கட்டும். பாடத்தின் முதுகெலும்பான ஒரு கருத்தைக் கட்டத்துக்குள் அடைத்தால், அதைத் தாண்டிப் போகலாம் என்று நாமே அனுமதி கொடுத்தவர்களாகிறோம்.

வெர்தைமர் 1943-இல் இறந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு நியூயார்க் சென்று, அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார். ஆக்கச் சிந்தனை பற்றி அவர் எழுதிய ஒரே நூல் இறப்புக்குப் பின் 1945-இல் வெளிவந்தது. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. புள்ளிக் கட்டுரையைவிட எனக்கு அதுவே பெரிது.

ஆசிரியர் இணைகரத்தின் பரப்பளவைக் கற்பிக்கிறார். செவ்வகத்தின் பரப்பு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். மேலிருக்கும் இரண்டு முனைகளிலிருந்தும் செங்குத்துக் கோடுகள் இறக்குகிறார், அடிப்பக்கத்தை வலப்புறம் நீட்டுகிறார், இரண்டு முக்கோணங்களும் சமம் என்று நிறுவுகிறார். அடிப்பக்கம் பெருக்கல் உயரம். பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள், விடைகள் சரியாக வருகின்றன. நல்ல வகுப்பு. பார்வையாளராக இருந்த வெர்தைமர் அனுமதி கேட்டுக்கொண்டு பலகைக்குப் போய் ஓர் இணைகரம் வரைகிறார். அதே உருவம்தான், வேறு விதமாக நிறுத்தி வைத்தது. வகுப்பு திகைக்கிறது. இது இன்னும் நடத்தவில்லையே என்கிறது ஒரு பிள்ளை. சிலர் கற்றபடியே மேல்முனைகளிலிருந்து கோடுகள் இறக்கி, அடியை நீட்டி, அவை எங்கோ போய் நிற்பதைக் கண்டு விழிக்கிறார்கள். ஒரு சிலர் மட்டும் தாளைத் திருப்பி வைத்துப் பார்த்து, முகம் மலர்ந்து, போட்டுவிடுகிறார்கள்.

அந்த வகுப்பு கற்றது என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கரும்பலகையில் அந்த உருவம் எப்போதும் படுத்தே கிடந்தது. கோடுகள் எப்போதும் மேலிருந்து கீழே வந்தன. ஆகவே 'மேல்', 'கீழ்', 'வலம்' எல்லாம் இணைகரத்தின் அங்கங்கள் என்று கண் சேர்த்துக்கொண்டது. ஆசிரியர் வாயால் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. படம் சொன்னது. சொல்லாமல் சொன்னதால் யாரும் அதைத் திருத்தவும் இல்லை.

அதே நூலில் ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். செவ்வகத்தின் பரப்பைச் சற்றே காட்டிவிட்டு அவளிடம் இணைகரத்தைக் கொடுக்கிறார்கள். ஒரு பக்கத்து முனையைக் காட்டி இது சரியில்லை என்கிறாள், மறுபக்கத்தைக் காட்டி இங்கேயும் சரியில்லை என்கிறாள். கத்தரிக்கோல் கேட்கிறாள். துருத்திக்கொண்டிருந்த முக்கோணத்தை வெட்டி எடுத்து, குறைந்திருந்த பக்கத்தில் கொண்டுபோய்ப் பொருத்துகிறாள். செவ்வகம் வந்துவிட்டது. ஒரு பக்கத்து மிகை மறுபக்கத்தின் குறையேதான் என்பதை அவள் கண்டாள். இன்னொரு குழந்தை தாளை வளைத்து இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி, நேராக ஒரு வெட்டு வெட்டினால் போதும் என்று காட்டியது. அங்கே இடமுனையும் இல்லை, வலமுனையும் இல்லை. பல ஆண்டு வடிவியல் கற்ற பிறகும் இப்படி ஒரு வழி தோன்றாதவர்கள் எத்தனை பேர்!

புள்ளிக் கட்டுரையையும் இந்தச் சிறுமியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. நாம் எப்படி அடுக்கினாலும் கண் அதற்குள் ஓர் உறவைக் கண்டுகொள்ளும். நல்ல அடுக்கில் பாடத்தின் உண்மையான உறவைக் காணும். கெட்ட அடுக்கில் தற்செயலான உறவைக் காணும், அதையும் அதே நம்பிக்கையோடு காணும். ஒழுங்காக, அழகாக இருப்பது மட்டும் போதாது. படுத்துக் கிடந்த அந்த இணைகரமும் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆகவே பக்கத்தை அமைக்கிறவர் அச்சக வேலைக்காரர் அல்லர், அந்தப் பாடத்தின் முதல் ஆசிரியர். எழுதியவரும் வரைந்தவரும் பக்கத்தைக் கோத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பாடத்தில் உண்மையில் எது எதோடு சேரும், இந்தப் பக்கத்தில் எது எதோடு சேர்ந்து தெரிகிறது?

இந்த இரண்டு விடைகளும் ஒன்றா என்று அறியச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. அச்சுக்கு அனுப்பும் முன் பக்கத்தை ஒரு குழந்தையிடம் சில விநாடிகள் காட்டிவிட்டு மூடிவிடுங்கள். என்ன பார்த்தாய், எதன் பக்கத்தில் எது இருந்தது என்று கேளுங்கள். எழுதியிருப்பதைக் குழந்தை சொல்லாது, அதற்கு நேரமில்லை. கண் கட்டிய உறவுகளை மட்டும் சொல்லும். அவை பாடத்தின் உறவுகளாக இல்லையென்றால், குறை பக்கத்தில்தான். அதைக் கலைத்து மறுபடியும் அடுக்குங்கள். இணைகரம் என்றால் மூன்று விதமாக நிறுத்தி வைத்து வரையுங்கள். பக்கத்தில் ஒரு வெட்டுக்கோடு போட்டு, கத்தரிக்கோலையும் குழந்தையின் கையில் கொடுங்கள்.