குறை சொல்லும் நாவும் கூலிக்கு நிற்கும் மனிதனும்



எங்கள் மல்லாங்கிணற்றில் கிரிக்கெட் பேசுவோர் அதிகம்; கால்பந்து பேசுவோர் குறைவு. ஆயினும் எங்கள் மதரஸாவில் ஓதும் மூத்த மாணவர்களுள் ஏழெட்டுப் பேர் சென்னையின் எஃப்சி அணியின்மீது பெரும் பற்றுக் கொண்டவர்கள். ஆட்டம் நடைபெறும் மாதங்களைக் காட்டிலும் ஆட்டமில்லாத மாதங்களில்தான் அவர்களுடைய விவாதம் சூடுபிடிக்கும். யாரை விடுவிப்பது, யாரை எடுப்பது, அணியில் எந்த இடம் பலவீனமானது என்று அஸருக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். 2024-25 பருவத்தில் 13 அணிகளுள் 11-ஆம் இடத்தில் முடித்த அணியைப் பற்றிப் பேச விஷயத்துக்குப் பஞ்சமா?

இந்தப் பேச்சைத் தடுத்துவிடும்படி பெற்றோர் சிலர் என்னிடம் கூறினர். நான் தடுக்கவில்லை. தொழுகையும் பாடமும் தவறாதவரை, ஒரு தோல்வியின் காரணத்தை நிதானமாக ஆராய்வது நல்ல பயிற்சியே. முஹாஸபா எனும் சுயகணக்கெடுப்பை நாம் பிள்ளைகளுக்கு வெறும் சொல்லாகவே கற்பிக்கிறோம். அவர்களோ தமக்குப் பிடித்த ஒன்றில் அதைத் தாமாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த அணியின் வரலாற்றில் ஆராயத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 2015 டிசம்பரில் கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் எஃப்சி கோவாவை 3-2 என வென்று சென்னை முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. 13 கோல்கள் அடித்த மென்டோசாவும், அனுபவமிக்க எலானோவும் அடுத்த ஆண்டு அணியில் இல்லை. 2016-இல் எட்டு அணிகளுள் ஏழாம் இடம். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வீழ்த்தி இரண்டாம் முறை கோப்பை. அதன்பின் அணித்தலைவர் செரெனோ விலகினார்; நடுக்களத்தின் மிஹெலிச் டெல்லி அணிக்குச் சென்றார்; நம் தமிழக வீரர் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட இயலவில்லை. 2018-19-இல் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. பத்து அணிகளுள் கடைசி இடம். 2020-இல் மீண்டும் இறுதிப் போட்டி வரை சென்ற அணியிலிருந்து, 15 கோல்கள் அடித்த வால்ஸ்கிஸ், பயிற்சியாளர் ஓவன் கோயலைப் போலவே ஜாம்ஷெட்பூருக்குச் சென்றுவிட, அடுத்த பருவத்தில் எட்டாம் இடம்.

மூன்று முறை உயர்ந்தபின் மூன்று முறையும் சரிவு. "ஜெயிச்ச வருஷம்தான் ஹஜ்ரத், ரொம்பக் கவனமா இருக்கணும்" என்று ஒரு மாணவர் சொன்னபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ரமழானில் பள்ளிவாசலை நிறைத்துவிட்டு ஷவ்வாலில் வரிசைகளைக் காலியாக விடும் நமக்கும் அது பொருந்தும் அல்லவா?

ஆனால், 2025 கோடைக்காலத்தில் விவாதத்தின் தன்மை மாறிற்று. எந்த இடத்தில் குறை என்ற பேச்சு, எந்த மனிதன் குப்பை என்ற பேச்சாயிற்று. தடுப்பாட்ட வீரர்களுக்குப் பட்டப்பெயர்கள் முளைத்தன. "இவனுக்கெல்லாம் தண்டச் சம்பளம், துரத்தி விடணும்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுள் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தந்தை பல ஆண்டுகளாகப் பயர் ஆபீஸில் வேலை பார்த்தவர். தீபாவளிக்குப்பின் ஆலைகள் மூடப்பட்டு மீண்டும் திறந்தபோது, "உங்களுக்குக் கை வேகம் குறைந்துவிட்டது, இந்த வருஷம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கத்தாவைப் பத்தியும் அங்க இப்படித்தான் பேசிச் சிரிச்சிருப்பாங்களா?"

எவரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் உடனே சொல் எழவில்லை.

பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் இந்த வட்டாரத்தில், ஆட்டமில்லாத பருவம் என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்ததைத் தொடர்ந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் போயிற்று என்பதை நாம் அறிவோம். நமக்கு வெறும் பெயர்ப்பட்டியலாகத் தெரிவது வேறொருவர் வீட்டின் அரிசிப் பானை. பந்தைத் தவறவிட்ட வீரனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

மறுநாள் பாடத்தில் இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துரைத்தேன். முதலாவது, சூரத்துல் கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாறு. மத்யனில் அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்த அந்தப் பெண்மணி, வலிமை, நம்பகத்தன்மை என்னும் இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார். ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பார்ப்பது தவறன்று என்பதற்கு இதுவே சான்று. இரண்டாவது, சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் விதித்துள்ள தடை: ஒருவரையொருவர் பரிகசிப்பதும் பட்டப்பெயரால் அழைப்பதும் கூடாது. தகுதியை எடைபோடுவதற்கு அனுமதி உண்டு. மனிதனை இழிவுபடுத்துவதற்கு இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடுதான் இருக்கிறது. நாவு அதை எளிதில் தாண்டிவிடும்.

அதன்பின் மாணவர்கள் தாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டனர்: குறையைச் சொல்பவர் அந்த இடத்துக்கு என்ன தேவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சு குறைந்தது, ஆராய்ச்சி கூடியது.

சில வாரங்களில் நிலைமையே மாறிப்போனது. ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் தொடர் 2025 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்சியும் முதல் அணியின் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. யாரை நீக்கலாம் என்று பேசிய பிள்ளைகள், "அவங்களுக்கு இனி சம்பளம் வருமா ஹஜ்ரத்?" என்று கேட்கலானார்கள். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை அன்று நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

பெற்றோர்களே! பிள்ளைகளின் விளையாட்டுப் பேச்சைக் கேட்டவுடன் வாயை அடைக்காதீர்கள். சற்று நேரம் அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் எதைப் பேசுகிறார்கள் என்பதைவிட, அங்கே இல்லாத மனிதர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நாளை அவர்களுள் ஒருவர் கணக்குப்பிள்ளையாகவோ போர்மேனாகவோ முதலாளியாகவோ அமரும்போது, எதிரே வேலை கேட்டு நிற்பவரிடம் அதே நாவால்தான் பேசுவார்.

குறையைக் காணும் கண்ணையும், அதைக் கண்ணியத்தோடு சொல்லும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.