கத்திரிக்கு முந்திய வெயில்

வெயிலைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவருக்கும் படிப்பு வேண்டியதில்லை. ஊர் வழக்குகளில் வாய் திறவாதவரும் வெயில் என்றதும் பேசத் தொடங்கிவிடுவர். ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுப்பார். மறுத்தவரை மூன்றாமவர் திருத்துவார். ஓட்டு வீட்டில் உறங்குபவருக்கு ஒரு வெயில். தளம் போட்ட வீட்டில் உறங்குபவருக்கு வேறொரு வெயில். ஆகவே கருத்தும் வேறுபடுதல் இயல்பே. எனினும் இவ்வேறுபாடுகளுள் சில பொழுதுபோக்கு. சிலவற்றிலோ உயிரும் உடலும் அடங்கியிருக்கின்றன. இதனை எங்களுக்கு நன்கு உணர்த்தியது 2024-ஆம் ஆண்டின் கோடை.

அவ்வாண்டு சித்திரை பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. மே மாதத் தொடக்கத்தில் வரும் கத்திரி வெயிலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் தருமபுரியில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டிவிட்டது. உள்மாவட்டங்களுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. சமவெளியில் வெப்பம் 40 பாகையைத் தொட்டு, அந்நாளுக்குரிய வழக்கமான அளவைவிட 4.5 பாகையேனும் கூடியிருந்தால் அதனை வெப்ப அலை என்று வானிலைத் துறை வகுத்துள்ளது. நம்மவர்க்கு இக்கணக்கு பழகவில்லை. இன்றும் நாம் 'நூறு', 'நூற்று நான்கு' என்று பாரன்ஹீட்டிலேயே வெயிலைப் பேசுகிறோம்.

ஏப்ரல் 19-ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு. பென்னாகரம் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், வெயில் ஏறுமுன் வாக்களித்துவிட வேண்டும் என்று காலை ஏழு மணிக்கே வரிசை நீண்டுவிட்டது. வாக்கு யாருக்கு என்பதை எவரும் பேசவில்லை. பேச்செல்லாம் வெயிலைப் பற்றியே இருந்தது.

"அந்தக் காலத்துல இதைவிட வெயில் அடிச்சிருக்குது. நாங்க பேசாம புளியமரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்துக்குவோம்" என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்.

"அது இல்லீங்க தாத்தா, உலகமே சூடாகிக்கிட்டு வருது" என்றான் கல்லூரியில் படிக்கும் இளைஞன்.

"உலகம் இருக்கட்டும் தம்பி, அந்தப் புளியமரம் எங்கே? அதைச் சொல்லு முதல்ல."

இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். 2024-ஆம் ஆண்டு, அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து உலகின் மிக வெப்பமான ஆண்டாக முடிந்தது. தொழிற்புரட்சிக்கு முந்திய சராசரியைக் காட்டிலும் ஏறத்தாழ 1.55 பாகை கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இது இளைஞனின் பக்கம். பெரியவரின் பக்கமும் வலுவானதே. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறினால் காற்று மாறும் என்பது எங்கள் முன்னோர் கண்ட அனுபவம். நெடுஞ்சாலையின் இருமருங்கும் நிழல் விரித்து நின்ற புளியமரங்கள் சாலை அகன்றபோது மறைந்தன. தாழ்ந்த ஓட்டுக் கூரைகள் போய்த் தளம் போட்ட வீடுகள் வந்தன. அவை பகலில் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கின்றன. உலகம் கூட்டிய வெப்பம் ஒரு பங்கு. நாம் இழந்த நிழல் மறு பங்கு. இரண்டையும் சேர்த்தே நம் தோல் உணர்கிறது.

வேறு வாதங்களும் இருந்தன. பள்ளித் திறப்பு ஜூன் 6-லிருந்து 10-க்குத் தள்ளிவைக்கப்பட்டபோது சிலர் மகிழ்ந்தனர். பகல் முழுதும் வேலைக்குச் செல்லும் தாய்மாரோ, "பள்ளிக்கூடம் இருந்தா ஒருவேளைச் சோறாவது நேரத்துக்குக் கிடைக்கும்" என்றனர். மாந்தோப்பு வைத்திருப்பவர், பூவும் பிஞ்சும் கருகி உதிர்ந்ததைக் கண்டு, "பழுக்க வைக்கிற வெயிலே பறிச்சிக்கிட்டும் போயிடுச்சு" என்றார். இவற்றில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற வேண்டிய தேவையில்லை. அவரவர் நின்ற இடத்திலிருந்து அவரவர் பேசினர்.

ஒரே ஒரு செய்தியில் மட்டும் எல்லாரும் ஒருமுகமாக இருந்தனர். "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்பதே அது. மருத்துவர் சொன்னார், வானொலி சொன்னது, பாட்டிமாரும் சொன்னார்கள். அது பொய்யன்று. வியர்வையால் இழந்த நீரை ஈடுசெய்யாவிட்டால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் எந்த ஊரிலும் எழாத ஒரு கேள்வி எங்கள் மாவட்டத்தில் எழுகிறது. எந்தத் தண்ணீர்?

வாசகர்களுள் பலர் அறிந்திருக்கக்கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பாறைக் கனிமங்களிலிருந்து அது நீரில் கரைந்து வருகிறது. கிணறு வற்ற வற்ற நாம் ஆழமாகத் துளையிடுகிறோம். பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர் மேலே வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாகப் புளோரைடின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. பால் பருவத்தில் அதைக் குடித்து வளர்ந்த குழந்தைக்கு, பின்னர் முளைக்கும் நிலைப்பற்களில் பழுப்புக் கறை தோன்றுகிறது. பல்லாண்டுகள் குடித்தவருக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போகின்றன. நாற்பது வயதில் குனிய முடியாதவர்களை எங்கள் ஊர்ப்புறங்களில் காணலாம்.

குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் நாட்டுத் தர நிர்ணயமோ 1 மில்லிகிராமையே ஏற்புடைய அளவாகக் கொண்டு, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. இங்குதான் வெயில் குறுக்கிடுகிறது. 1.5 மில்லிகிராம் கொண்ட நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பவர் உடலில் சேர்வது 3 மில்லிகிராம். அதே நீரை, செங்கல் சூளையிலோ கல் குவாரியிலோ உழைத்து ஆறு லிட்டர் குடிப்பவர் உடலில் சேர்வது 9 மில்லிகிராம். நாளொன்றுக்கு உணவாலும் நீராலும் சேர்வது 6 மில்லிகிராமைக் கடந்தால் எலும்புக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுரை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, பற்களின் நலனுக்கெனக் குடிநீரில் புளோரைடு சேர்க்கும் அளவை 1962-இல் வகுத்தபோது, குளிர்ப்பகுதிக்கு 1.2 என்றும் வெப்பப்பகுதிக்கு 0.7 என்றும் பிரித்தே வகுத்தது. வெப்பம் கூடினால் மக்கள் கூடுதலாகக் குடிப்பர் என்பதே காரணம். ஆக, நீரின் அளவுகோல் ஒன்றாயினும் நிழலில் இருப்பவனுக்கும் வெயிலில் இருப்பவனுக்கும் அதன் விளைவு ஒன்றன்று.

இத்துன்பத்தைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் உருவாயிற்று. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் எங்கள் குழாய்க்கு வந்த நாளை நாங்கள் மறக்கவில்லை. பருப்பு விரைவில் வெந்தது. தேநீரின் நிறம் மாறியது. "ஆத்துத்தண்ணி" என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் ஒரு மதிப்பு வந்தது.

2024 கோடையில் காவிரியே மெலிந்திருந்தது. முந்திய ஆண்டின் மழைக்குறைவால் நீர்வரத்து சுருங்கி, ஒகேனக்கல்லில் அருவி விழும் இடங்களில் பாறைகளே தெரிந்தன. எங்கள் ஊர்க் குழாயிலும் ஆற்றுநீர் குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட ஆழ்துளைக் கிணற்று நீரும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றப்பட்டது. இரண்டும் கலந்தே வந்தன. அதன் பிறகு தான் எங்கள் ஊரில் உண்மையான கருத்து வேறுபாடு தோன்றியது.

ஒரு மாலை வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்கள் கூடினர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "ரெண்டு தண்ணியையும் கலக்கவே கூடாதுங்க. நம்ம பிள்ளைங்க பல்லைப் பாருங்க. பதினோரு வருசமா காப்பாத்தினதை ஒரு கோடையில கெடுத்துடலாமா?" என்றார். தொட்டிக்கு நீர் ஏற்றுபவர் உடனே மறுத்தார்: "கலக்காம விட்டா கடைசித் தெருவுக்குக் குழாயே வராதுங்க, வாத்தியாரே. அவங்க எதைக் குடிப்பாங்க?" வசதியுள்ள சிலர் இருபது லிட்டர் கேன் வாங்கிக்கொண்டால் முடிந்தது என்றனர். அதைக் கேட்டுச் சிலர் தலையாட்டினர். கடைசித் தெருக்காரர் எவரும் தலையாட்டவில்லை.

அப்போது சூளை வேலைக்குச் செல்லும் ஓர் அக்காள் பேசினார். "மத்தியானம் கண்ணு இருட்டிக்கிட்டு வர்றப்ப எந்தத் தண்ணின்னு பாக்க முடியுங்களா? எது கையில கிடைக்குதோ அதைத்தான் குடிப்போம். முட்டி வலி பத்து வருசம் கழிச்சு வருது. மயக்கம் இப்பவே வருதுங்களே."

எங்களில் எவருக்கும் மறுமொழி தோன்றவில்லை. ஆசிரியர் சொன்னதும் உண்மை. அவ்வம்மையார் சொன்னதும் உண்மை. வெயில் ஒரு மணி நேரத்தில் ஆளை வீழ்த்தும்; புளோரைடு இருபது ஆண்டு எடுத்துக்கொண்டு வளைக்கும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று ஓர் உழைப்பாளியிடம் சொல்வது கருத்துரிமை ஆகுமா? வீட்டில் கேன் வைத்துக்கொண்டு, கலக்கலாம் என்றோ கலக்கக்கூடாது என்றோ சொல்வது நமக்கு எளிது. எந்த முடிவின் சுமையும் நம் முட்டியில் இறங்கப்போவதில்லையே!

நெடுநேரம் பேசிய பின் ஒரு வழி பிறந்தது. இரு நீரையும் கலக்காமல் முறைவைத்து ஏற்றுவது; ஆற்றுநீர் ஏற்றும் நாளை முன்னரே தெரிவிப்பது; அந்நாளில் கடைசித் தெருவுக்கு முதலில் திறந்துவிடுவது; ஆற்றுநீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே கொள்வது; குளிக்கவும் துவைக்கவும் மாட்டுக்கும் கிணற்று நீர். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் உள்ள வீட்டுக்கு ஒரு குடம் கூடுதல். வேலைக்குச் செல்பவர்கள் விடியலில் ஆற்றுநீரை நிரப்பிச் செல்லத் தெருமுனையில் இரண்டு மண்பானைகள் வைக்கப்பட்டன.

இது குறையற்ற ஏற்பாடு என்று நாங்கள் சொல்லவில்லை. முறை தவறிய நாள்களும் உண்டு. ஒரு வீட்டார் ஆற்றுநீரில் வண்டி கழுவினர் என்று சண்டையும் நடந்தது. ஆறு லிட்டர் குடிக்க வேண்டியவர்க்கு ஒரு பாட்டில் போதாது; மீதியை அவர் வேலையிடத்துக் குழாயில்தான் குடித்தார். ஆயினும் பிள்ளைகளின் குவளையில் அந்தக் கோடை முழுதும் ஆற்றுநீரே இருந்தது. மருந்து போல அல்லாவிடினும் துணையாகப் பாலும் நெல்லிக்கனியும் உதவும் என்றார் சுகாதாரச் செவிலியர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர் அல்லவா இது! அக்கனியின் பெருமை பேசிப் பழகிய எங்கள் வீடுகளில் அதனைத் தின்னும் பழக்கமும் சற்றே வந்தது.

அதே ஆண்டு ஜூலை இறுதியில் காவிரி பெருகி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஏப்ரலில் பாறை காட்டிய ஒகேனக்கல்லில் வெள்ளம் புரண்டது. குறை தீர்ந்தது என்று சிலர் அச்செய்தியையே மறந்தனர். அக்டோபர் மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்தது. வெயிலால் சாவு நேரும் என்பதை அரசே ஏட்டில் எழுதிக்கொண்டது நல்லதே. வெயிலோடு சேர்ந்து நீர் செய்யும் மெல்லிய கேடு எந்த ஏட்டிலும் அவ்வாறு ஏறுவதில்லை. அதனைக் கண்டு சொல்ல வேண்டியவர் அண்டை வீட்டாரே.

வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், நேர்வெயில் படாமல் வைத்தே அளவெடுக்கின்றனர். அளவெடுப்பதற்கு அதுவே முறை. நாம் செய்தித்தாளில் படிக்கும் 40 பாகை என்பது நிழலின் வெப்பம். நம் கருத்துகளும் பெரும்பாலும் நிழலில் பிறந்தவையே. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். நிழலில் இருப்பவனின் பொறுப்பும் வெயிலில் நிற்பவனைக் கேட்டால்தான் தெரிகிறது.

அடுத்த கோடைக்கு முன் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. உங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றின் நீரைக் குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். தொட்டியில் எந்த நீர் எந்நாளில் ஏறுகிறது என்று கேட்டறியுங்கள். உங்கள் வீட்டுக்கோ நிலத்துக்கோ வேலைக்கு வருபவர் நண்பகலில் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் அதே நீரை அவருக்கும் முகந்து கொடுங்கள். வெயில் எத்தனை பாகை என்ற வாதத்தை அதன் பின் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.