டேட்டா வேணுமா?

பவர் பட்டனை அமுக்கியதும் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, கம்பெனிப் பெயர் வந்து நிற்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. விண்டோஸ் என்றால் டிரைவைச் சரிபார்ப்பதாகச் சொல்லும் வரியிலேயே மணிக்கணக்கில் நிற்கும். லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல் மட்டும் காத்திருக்கும். கரிவலம்வந்தநல்லூர்க்காரர் அதைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போனால், நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான்: “டேட்டா வேணுமாண்ணே, இல்ல ஃபார்மட் போட்ருவமா?”

அவசரத்தில் இருப்பவர், “ஆன் ஆனா போதும்” என்பார். அந்த ஒரு பதிலில் பத்து வருஷக் குடும்பப் படங்களும் கடைக் கணக்கும் போய்விடலாம்.

இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்குள் முதலில் நுழைந்த கம்ப்யூட்டர், அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. எல்காட் கொள்முதல் செய்து கொடுத்தது. ப்ளஸ் டூ பிள்ளைகளின் கைக்கு வந்த அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். மறு வருஷமே, 2012-ல், சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. பேட்டரி தளர்ந்த லேப்டாப், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் அணைந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பிசகிவிடும்.

அப்படிப் பிசகுவது ஒரு வகைக் கோளாறு. டிஸ்க் நன்றாகவே இருக்கும்; விண்டோஸின் செக்டிஸ்க்கோ லினக்ஸின் எஃப்எஸ்சிகேயோ பெரும்பாலும் சரிசெய்துவிடும். இன்னொரு வகை, டிஸ்க்கே தேய்ந்து பழுதாவது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பழுதான டிஸ்க்கில் போய் செக்டிஸ்க்கை ஓட்டுவதுதான் ஆபத்து. அது காப்பாற்றப் பார்ப்பது அட்டவணையின் ஒழுங்கை. உள்ளே இருக்கும் கல்யாணப் படத்தை அல்ல. கணக்கில் பொருந்தாததை வெட்டி ஒதுக்கிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பைப் பார்க்கலாம். அதில் 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் கணக்கு. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் ஓரளவு நிம்மதி. ஓரளவுதான், ஏனென்றால் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. காட்டியவற்றின் கதை இன்னும் மோசம். ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை தெரியாததைவிட 39 மடங்கு இருந்தது.

காதும் உதவும். நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டுக்கு மேல், சில நானோமீட்டர் இடைவெளியில் ஹெட் மிதக்கிறது. ‘டக், டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் இருந்தால், வேறெதையும் தொடாமல் படி எடுக்க வேண்டும். அதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள் ‘டிடிரெஸ்க்யூ’. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வாரி எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனியாக ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். ரிப்பேர் எதுவானாலும் அந்தப் படியின் மேல்தான் செய்ய வேண்டும்.

படி எடுக்காததால் கரிவலம்வந்தநல்லூர் இழந்தது ஒரு நூலகத்தை. பழைய பாண்டிய மன்னர் ஒருவரின் ஏடுகள் பால்வண்ணநாதர் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, உ.வே.சாமிநாதையர் இங்கே வந்தார். பழுதான சுவடிகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடவேண்டும் என்பது ஆகம விதி என்று நம்பி, அவற்றை ஹோமம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். ‘என் சரித்திரம்’ நூலில் அவர் இதை எழுதும் இடம் படிப்பவரை உலுக்கிவிடும். எரித்தவர்கள் பகைவர்கள் அல்ல. பழுதான பொருளை முறைப்படி அப்புறப்படுத்தியதாகவே நினைத்தார்கள். ஃபார்மட் போடச் சொல்பவரும் அதைத்தான் நினைக்கிறார்.

உ.வே.சா. செய்தது நேர்மாறான வேலை. ஊர் ஊராகப் போய் ஒரே நூலின் பல பிரதிகளைச் சேர்த்தார். ஓர் ஏட்டில் செல்லரித்த வரியை இன்னோர் ஏட்டிலிருந்து மீட்டார். 1894-ல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் எந்தப் பிரதியிலும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு எண்களும் இன்றுவரை பாட்டில்லாமலே அச்சாகின்றன. தானாக எதையும் இட்டு நிரப்பாமல் விட்ட அந்த வெற்றிடம், டிடிரெஸ்க்யூவின் குறிப்பைப் போலவே, போனது எது என்பதை மறைக்காமல் சொல்கிறது.

இப்போது வரும் லேப்டாப்களில் எஸ்எஸ்டி. அதில் சுழல்வது எதுவுமில்லை, அதனால் சத்தமும் வராது. முன்னறிவிப்பில்லாமல் ஒரே நாளில் போகக்கூடியது. இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 11 போட்ட புதிய லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், 48 இலக்கம் கொண்ட மீட்பு எண் இல்லாமல் திறக்காது. லேப்டாப் நன்றாக ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த எண்ணைத் தேடி எடுக்கலாம். அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, அன்றைக்கே ஃபோட்டோக்களையும் கணக்குகளையும் ஒரு வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டால், கடைக்காரர் கேட்கும் கேள்விக்குத் தயங்காமல் “ஃபார்மட் போடுங்க தம்பி” என்று சொல்லிவிடலாம்.